ஒன்றரை நொடி

லீ பஜார் கமிஷன் மண்டியில்
பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் பிழைத்தேன்.
விரல் பேசும். சத்தம் தட்டச்சுப் பலகையுடையது.
ஷிஃப்டை அழுத்தினால் 'கு' ஒரே தட்டில் வந்துவிடும்.
குச்சிக்கிழங்கு, நாற்பது மூட்டை, இருபத்தெட்டுப் பாயிண்ட்,
தலைவாசல் லோடு.
திரையில் நான் திக்கியதே இல்லை.

ஆவணி முடிந்ததும் முதலாளி செங்கோடன்
பலகை, மவுஸ், திரை எல்லாவற்றையும் சாக்கில் கட்டிவிட்டு
மேசையில் ஒரு வெள்ளை வட்டத்தை வைத்தார்.
தட்டுவடை அளவு. விளிம்பில் பச்சையாய்க் கொஞ்சம் வெளிச்சம்.
"இனிமே சும்மா பேசினாப் போதும் பொன்னுரங்கம்,
மனுஷங்கிட்டப் பேசற மாதிரி."

மனுஷனிடம் பேசுகிற மாதிரி.
சிக்கலே அதுதான் என்று
நான் சொல்லி முடிக்கும் வரை நிற்க
அவருக்கு நேரமில்லை.

கு, என்றேன்.
கு. கு.
வட்டம் ஒன்றரை நொடி பொறுத்தது.
பிறகு நல்ல தமிழில், அக்கறையான குரலில்:
"குயில் கூவுவதை ஒலிக்கவிடட்டுமா?"
விட்டும்விட்டது.
மாவும் சாக்குத் தூசியும் மிதந்த அறைக்குள்
ஒரு குயில்.
லோடுமேன்கள் சிரித்தார்கள்.
ஜீவரத்தினம் ரசீதுக் கட்டால் முகத்தை மறைத்துச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
அது மட்டும் சிரிக்கவில்லை.
அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வதா,
இன்னும் தெரியவில்லை.

வேறு சொல் பார்த்தேன்.
'மரவள்ளி' சில நாள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.
அடுத்து நாற்பது. அதன் வாசலில் 'நா' நின்றுகொள்ளும்.
ஒரு நாள் முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டேன்.
சொல்ல வந்ததை அல்ல,
சொல்ல முடிந்ததை.
என் நாக்கில் காணாமல் போன அந்த மூட்டைக்கு
சம்பளத்தில் பிடித்தார்கள்.

ஞாயிறு, காதில் அதன் குரலைச் செருகிக்கொண்டு
ஏற்காட்டு மலையில் வண்டியை ஏற்றினேன்.
கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி வந்தது.
பதினான்கில்
பாதி வாக்கியத்தில் அறுந்தது.
டவர் இல்லை.

நிறுத்தினேன். தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
காலிச் சிப்ஸ் பொட்டலத்தை உள்ளும் புறமும் நக்கியது.
கீழே சேலம், வெயிலில் கொட்டிய தகர வெட்டு மாதிரி.
எதற்கென்று தெரியாது. வாயைத் திறந்தேன்.
குச்சிக்கிழங்கு. நாற்பது மூட்டை. இருபத்தெட்டுப் பாயிண்ட்.
ஒன்றுகூட இடறவில்லை.
என் பேர் பொன்னுரங்கம்.
பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது
கையை மட்டும் தூக்கிய பொன்னுரங்கம்.
செங்கோடன், அந்த முப்பத்தொன்பது பொய்.
குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவ்வளவு நல்ல காது
எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

பதினாறில் டவர் வந்தது.
"மன்னிக்கவும், கேட்கவில்லை. மறுபடி சொல்கிறீர்களா?"
மா, என்றேன்.
மாட்டேன் என்று சொல்ல வந்தேன்.
அதற்குள் அது மழை நிலவரம் வாசிக்கத் தொடங்கியிருந்தது.

அன்றிரவு போனில் அதன் அமைப்புகளைத் தோண்டினேன்.
ஏழாவது பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்:
பேசுபவர் முடித்துவிட்டதாகக் கொள்ளும் நேரம், ஒன்றரை நொடி.
யாரோ எங்கோ உட்கார்ந்து
மனிதன் இவ்வளவுதான் தயங்குவான் என்று அளந்திருக்கிறார்.
பக்கத்தில் நகர்த்த ஒரு கோடு. நான்கு வரை போனது.
நான்கில் வைத்தேன்.

நான்கு நொடி.
மண்டியில் யாருக்காகவும் யாரும்
அவ்வளவு நேரம் நின்றதில்லை.
இப்போது நான் தொடங்கினால் வட்டம் காக்கிறது,
அது காப்பதால் செங்கோடனும் காக்கிறார்,
பேனா மூடியைக் கடித்தபடி, பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி.
என்னைப் பார்ப்பதில்லை. பரவாயில்லை.

எனக்கு ஆறு வேண்டும்.
செய்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன். எழுதித்தான்,
சாக்கிலிருந்து உருவி
அலமாரிக்குப் பின்னால் ஒளித்த பலகையில்.
பதில் இல்லை.

காலை எட்டரை. முதல் லோடு வாசலில் திரும்புகிறது.
பச்சை எரிகிறது.
கு, என்கிறேன்.